சொதிக்கு ஊற்றிய கடல் தண்ணீர்

கரைவலை இழுக்கிறவர்கள் பருவத்துக்குத் தங்கும் வாடியில் சமைக்கிறவன் உப்பு வாங்குவதில்லை. விடிந்ததும் ஒரு வாளியோடு கடலுக்குள் இறங்கி, அலை உடையும் இடத்தைத் தாண்டி, மணல் கலங்காத தண்ணீராகப் பார்த்து மொண்டு வருவான். அதுதான் அன்றைய உப்பு. இருபது பேருக்குத் தேங்காய்ப்பால் சொதி வைப்பதென்றால் சிரட்டையால் ஆறு முறை ஊற்ற வேண்டும், மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீர். சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் உள்ள கடற்கரையில் எல்லா வாடிகளிலும் அப்படித்தான். கடையில் வாங்கும் பக்கற்று உப்பில் வைத்தால் கயிறு இழுக்கிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இண்டைக்கு வீட்டுச் சொதியோ?" என்று கேட்பார்கள். அது பாராட்டு இல்லை.

நான் அங்கே மூன்று பருவம் சமைத்தேன். சமையல் என் தொழில் இல்லை. எனக்குத் தொழில் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தின் கூரை ஷெல்லடியில் போனது. நாங்களும் ஊரை விட்டுப் போனோம். பிறகு குறிஞ்சாக்கேணியில் நெல் மூட்டை சுமந்தேன், மூதூரில் கல் அறுத்தேன், கொழும்பில் கோப்பை கழுவினேன். எங்கும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. இந்த வாடிக்கு முதலில் கயிறு இழுக்கத்தான் வந்தேன். தோள்மூட்டு இறங்கிய பிறகு, வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி என்னை அடுப்படிக்கு அனுப்பினார்.

இடையில் ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒரு ஒப்பந்தக்காரரிடம் பழைய எண்ணெய்த் தாங்கிகளின் உட்புறத்தைச் சுரண்டினேன். உள்ளே இறங்கும்போது மேற்பார்வையாளர், "ஒண்டும் செய்யாது, பயப்படாமல் இறங்குங்கோ" என்றார். அதைச் சொன்னபோது அவர் வாசலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக, மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு நின்றார். நாலாம் நாள் என் முழங்கையில் தோல் உரிந்தது. அதற்குப் பிறகு யாராவது ஒன்றும் செய்யாது என்று சொன்னால், சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஜப்பான்காரர் அணு உலைத் தண்ணீரைக் கடலில் விடத் தொடங்கிய ஆவணி மாதத்தில் நான் வாடியில் இருந்தேன். காலையில் பாண் கொண்டுவரும் ஆட்டோக்காரர் ஒரு பத்திரிகையும் கொண்டுவருவார். அரைகுறைப் படிப்பென்றாலும் அங்கே சத்தமாக வாசிக்கக்கூடியவன் நான்தான். வலையை வளைத்துவிட்டுக் கரையில் காத்திருக்கும் நேரத்தில் வாசித்துக் காட்டுவேன். அன்றைக்கும் வாசித்தேன். கடல் பொங்கி வந்து ஓர் அணு உலையை உடைத்ததையும், அது சூடாறுவதற்கு ஊற்றிய தண்ணீர் வருடக்கணக்காகத் தாங்கிகளில் சேர்ந்ததையும், இனி வைக்க இடமில்லாமல் அதை வடித்துக் கடலில் விடுவதையும். வடித்தாலும் போகாத ஒன்று அதில் இருக்கிறதாம். அதற்கு வேறு தண்ணீரைக் கலந்து ஐதாக்கிவிடுகிறார்களாம். ஆபத்து இல்லை என்று ஒரு பக்கத்தார் சொன்னார்கள். மீனுக்குள் என்ன சேரும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது என்றார்கள் மற்றப் பக்கத்தார். பக்கத்து நாடு அங்கே பிடித்த மீனை வாங்க மறுத்துவிட்டது.

நான் எதையும் கூட்டி வாசிக்கவில்லை. ஆனால் வாசிப்பில் எனக்கு ஒரு ஆசை உண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பேன். "கடல் பொங்கி" என்ற இடத்தில் நிறுத்தினேன். அந்தக் கடற்கரையில் கடல் பொங்கியதில் யாரையாவது பறிகொடுக்காத வீடு இல்லை.

கிண்ணியாவிலிருந்து வந்து இழுக்கும் ஒருவர் எங்களோடு இருந்தார். நாங்கள் அவரைக் காக்கா என்போம். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தத் தண்ணி இஞ்ச வந்து சேர்றத்துக்குள்ள நாம எல்லாரும் மவுத்தாகிடுவம். நீ சோத்தப் பாரு." சிரித்தார்கள். இனிக் கடல் மீனை விட்டுக் குளத்து மீன் தின்ன வேண்டியதுதான் என்று ஒருவன் சொன்னான். குளத்தில் பிடிக்கும் திலாப்பியாவை எங்கள் பக்கத்தில் ஜப்பான் மீன் என்றுதான் சொல்வது. காக்கா அதையும் விடவில்லை. "ஜப்பான் தண்ணிக்குப் பயந்து ஜப்பான் மீன் திங்கப் போறாராம் தொரை."

சிரிக்காதவன் ஒருவன்தான். இடப்பக்கக் கயிற்றில் இழுக்கும் அவனுக்கு முப்பது வயது இருக்கும். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவன் மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. அப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். வாந்தி நிற்கவில்லை. வீட்டில் வைக்கும் எதுவும் அவளுக்குள் தங்குவதில்லை, வாடிச் சொதி மட்டும் தங்கியது. அதனால் தம்பி ஒவ்வொரு நாளும் ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் சொதி கொண்டுபோவான். சம்மாட்டி உட்பட எல்லோருக்கும் அது தெரியும். வலையில் காரல் மீன் பட்டால் அவளுடைய சொதிக்கென்று நல்லதாகப் பொறுக்கி எனக்குத் தந்துவிட்டுப் போவார்கள்.

அன்று மத்தியானம் தம்பி அடுப்படிக்கு வந்தான். நான் வாசித்தது உண்மையா என்று கேட்டான். பத்திரிகையில் போட்டிருப்பது உண்மை, உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும் என்றேன். அது பதில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அடுத்த நாள் அவன் ஒரு பக்கற்று உப்புக் கொண்டுவந்து தந்தான்.

"அண்ணை, அவவுக்கு மட்டும் புறம்பா வையுங்கோ. மீன் வேண்டாம். கடல் தண்ணி வேண்டவே வேண்டாம்."

வைத்தேன். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம், பக்கற்று உப்பு. தூக்குச்சட்டி அடுத்த நாள் பாதி நிறையத் திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். குடித்ததும் வெளியே வந்துவிட்டதாம். இரண்டு நாளாக வெறும் தேத்தண்ணீரில் கிடக்கிறாள் என்று சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் நான் அவனுடைய உப்பைத் தொடவில்லை. காரலை அவித்து, அந்த நீரை வடித்து, கடல் தண்ணீரும் விட்டுச் சொதி வைத்தேன். மீன் துண்டு ஒன்றும் மிதக்காமல் பார்த்துக்கொண்டேன். சட்டி வெறுமையாக வந்தது.

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் இது: பக்கற்று உப்பும் கடல்தான். நிலாவெளிப் பக்கம் பாத்தி கட்டிக் காயவைத்து அள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். காய்ந்த கடலுக்குப் பயப்படாதவன் காயாத கடலுக்கு ஏன் பயப்பட வேண்டும்? இதைவிட இன்னொன்றும் இருந்தது. இந்தப் பயமே யாரோ வேண்டுமென்று கிளப்பிவிட்டது என்று நான் சந்தேகப்பட்டேன். அந்தக் கிழமைகளில் கோழிக் கடைகளின் முன்னால் கூட்டம் அதிகம். கைபேசியில் வந்த வீடியோக்களில் செத்து ஒதுங்கிய மீன்களைக் காட்டினார்கள். அதில் ஒன்றின் பின்னால் தெரிந்த மரங்கள் எங்கள் கடற்கரையிலும் இல்லை, ஜப்பானிலும் இருக்காது. எந்த ஊர் மீனோ, எந்த வருடத்து மீனோ.

தம்பி ஒவ்வொரு நாளும் சட்டியை வாங்கும்போது கேட்பான்.

"பக்கற்று உப்புத்தானே அண்ணை?"

"ஓம்."

அவ்வளவுதான் பேச்சு. அவனுடைய உப்புப் பக்கற்றிலிருந்து நாளுக்கு ஒரு பிடி எடுத்து மணலில் புதைத்தேன், குறைவது தெரிய வேண்டுமே.

புரட்டாதியில் ஒரு நாள் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். பட்டினத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மீனவர்கள் வீண் பயம் கொள்ளத் தேவையில்லை என்று தொடங்கினார். யாரும் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜப்பான் எங்கே, நாங்கள் எங்கே, நடுவில் எவ்வளவு கடல் என்று சுவரில் ஒரு படம் காட்டினார். பொறுமையாகத்தான் பேசினார், கெட்ட மனிதராகத் தெரியவில்லை. எங்கள் கடல் தண்ணீரை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று தம்பி எழுந்து கேட்டான். அதற்குரிய ஆட்கள் பார்க்கிறார்கள் என்றார் அதிகாரி. எங்கே, எப்போது என்று தம்பி திரும்பக் கேட்டான். விசாரித்து அறிவிப்பதாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்து சாப்பாடு. சங்கத்தார் பாரை மீன் பொரித்து வைத்திருந்தார்கள். அதிகாரி சோறும் பருப்பும் கத்தரிக்காயும் போட்டுக்கொண்டார். மீன் தட்டு அவர் முன்னால் வந்தபோது கையால் மறித்தார். கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஐயா சைவம்" என்று சங்கத் தலைவர் சொன்னார்.

எங்களுக்கும் வெள்ளிக்கிழமை தெரியும். எங்களில் பாதிப் பேர் அன்று மீன் தொடுவதில்லை. காக்கா ஜும்மாவுக்குப் போய் அங்கே இல்லாததே வெள்ளிக்கிழமை என்பதால்தான். ஆனாலும் திரும்பி நடக்கும்போது தம்பி என் காதுக்குப் பக்கத்தில் சொன்னான்: "ஏழு நாள் இருக்க வெள்ளிக்கிழமையில ஏன் கூட்டம் வைச்சவை? மீன் தின்னாமல் தப்பத்தான்." நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம் அப்போதே வந்திருந்தது. வாடிக்கு வந்ததும் அந்த எண்ணத்தோடேயே கடல் தண்ணீரை அள்ளி அவன் மனைவிக்குச் சொதி வைத்தேன். இரண்டும் எப்படி ஒரே மனிதனுக்குள் இருந்தன என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

பருவம் முடியக் கிட்டவாக, ஏழாம் மாதத்தில், அவளே வாடிக்கு வந்தாள். அதற்கு முன் அவளை நான் இரண்டு முறைதான் கண்டிருப்பேன். வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் வலைக்கயிற்றைத் தாண்டக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். கயிறு மணலில் நீளமாகக் கிடந்தது. ஆண்கள் எல்லோரும் தூரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் அகப்பையோடு இந்தப் பக்கம் நின்றேன். அவளுடைய கால் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"அண்ணை, நீங்கள் எப்பிடி வைக்கிறீங்கள்?" என்று கேட்டாள். "நானும் அதே பக்கற்று உப்பில வைச்சுப் பாத்தனான். மூண்டு தரம். வாயிலயே வைக்க ஏலாது."

தேங்காய்ப்பால் கொதிக்க விடக்கூடாது, இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விட வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என் பின்னால் இருந்த வாளியைப் பார்த்தாள். வாளியின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

"அதுதானே?"

ஓம் என்றேன்.

"மீனும்?"

அதற்கும் ஓம் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வெயிலை மறைத்தாள்.

"நீங்கள் கேட்டிருந்தா நான் குடிச்சிருப்பனோ, விட்டிருப்பனோ தெரியாது. குடிச்சிருப்பன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நீங்கள் கேக்கேல்லை."

"தங்கச்சி, பசியில கிடக்கிறீங்கள் எண்டு..."

"கிடந்தது நான்தானே."

தம்பிக்குத் தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று தூக்குச்சட்டி எடுக்கத் தம்பி வரவில்லை.

மறுநாள் விடிய அவன் வந்தான். அடிப்பான் என்று நினைத்து அகப்பையைக் கீழே வைத்தேன். அவன் அடிக்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டான். நாற்பதுக்குக் கிட்ட என்றேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டான். அரைச் சிரட்டை, சில நாள் அதைவிடக் கூட என்றேன். அவன் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான், மறக்காமல் இருப்பதற்குப் போல. பிறகு சொன்னான்: "வெளிக்கிடுங்கோ. இண்டைக்குக் கிளினிக். டொக்டரிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா என்னைப் பயித்தியம் எண்டு நினைப்பினம்."

மூவரும் பட்டினத்துக்குப் பஸ் எடுத்தோம். அவள் யன்னல் பக்கம், அவன் பக்கத்தில், நான் பின் இருக்கையில். கிளினிக்கில் உட்காரப் போட்டிருந்த வாங்கு நிறையப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் ஐம்பது வயதுக்காரன் ஒருவன் எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். முறை வந்ததும் தம்பி என் முதுகில் கையை வைத்து, அவளுக்குப் பின்னால் உள்ளே தள்ளினான்.

டொக்டர் ஒரு இளம் பெண். நான் சொன்னேன், கடல் தண்ணீர், காரல் நீர், நாற்பது நாள், ஜப்பான், எல்லாவற்றையும். அறையில் நின்ற தாதி சிரிப்பை அடக்கினாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணியைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றார். "இவ்வளவு தூரத்துக்கு வந்து பாதிக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனா அது என்ர படிப்பு இல்லை."

இந்த விடயத்தில் தெரியாது என்ற சொல்லை நான் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதற்காகவே அவரை நம்பினேன், கொஞ்சம். அவர் கிளினிக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முன்னைய இரண்டு தடவையும் பிரஷர் ஏறிக்கொண்டு வந்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி அட்டையில் எழுதியும் இருந்தார்கள். அவள் வீட்டில் குறைத்துத்தான் இருந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு உள்ள போயிருக்கும்?"

கையைக் குவித்து, சிரட்டை இவ்வளவு இருக்கும் என்று காட்டினேன். டொக்டர் என் கையைப் பார்த்தார். பிறகு அவளுடைய கையில் பட்டியைச் சுற்றித் தானே பிரஷர் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்ப ஏலாது, வார்டில் நிற்பாட்ட வேண்டும் என்றார்.

வெளியே வந்து தம்பி கேட்டான். "உப்பாலயோ? அந்தத் தண்ணியாலயோ?" இரண்டும் இல்லாமலும் பிரஷர் ஏறும், உப்பே தொடாதவர்களுக்கும் ஏறுகிறது என்று டொக்டர் கதவடியில் சொல்லியிருந்தார். தம்பி அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. என்னைப் பார்த்து இரங்கிச் சொன்ன மாதிரி இருந்தது.

பிள்ளை கார்த்திகை மழையில், நாள் கணக்குக்கு முன்னதாகப் பிறந்தது. ஆண். மிகச் சிறியது என்றும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். வாடியை அதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள். வழமையாக நான் அந்த நேரத்தில் வேறு ஊருக்குப் போயிருப்பேன். போகவில்லை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். செய்தி கேட்காமல் பஸ் ஏற மனம் வரவில்லை.

பெட்டியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கடற்கரையில் இரண்டு கட்சி ஆனது. "புள்ள நல்லாரிக்கி. அப்ப கடலுக்கும் ஒண்டுமில்ல" என்றார் காக்கா. அப்படியானால் ஏன் அவ்வளவு சின்னதாகப் பிறந்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். பத்திரிகையில் இருந்த இரண்டு பக்கமும் இப்போது ஒரு பிள்ளையைப் பிடித்து இழுத்தன. ஒரு பிள்ளையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது ஏழாம் வகுப்புக்காரனுக்கும் தெரியும். ஆனாலும் நானும் ஒவ்வொரு நாளும் விசாரித்தேன், நிறை கூடியதா, பால் குடிக்கிறதா என்று.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு போனேன். தின்னக் குடிக்க ஒன்றும் கொண்டுபோகவில்லை, துணி மட்டும் கொண்டுபோனேன். அவள் கதிரையில் உட்கார்ந்திருந்தாள், கால் வீக்கம் வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. தம்பி சவர்க்காரத்தை எடுத்துத் தந்தான். கிணற்றடியில் நான் கை கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தான். இன்னொரு தரம் என்றான். இன்னொரு தரம் கழுவினேன்.

பிள்ளையை அவள்தான் என் கையில் தந்தாள். நிறையே இல்லாத மாதிரி இருந்தது. நான் விரல்களைப் பார்த்தேன். ஐந்தும் ஐந்தும். காதுமடலின் பின்புறத்தைப் பார்த்தேன். பாதத்தைத் திருப்பினேன். தோலில் எங்காவது ஒரு நிறம், ஒரு தடிப்பு இருக்கிறதா என்று சட்டையை மெதுவாக உயர்த்தினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தேடாதேங்கோ அண்ணை" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் தேடுறனான்."

சட்டையை இறக்கிவிட்டேன். பிள்ளை கண்ணை மூடியபடி வாயைச் சப்பியது. அதற்குப் பசிக்கிறது என்று சொல்லி அவள் கையை நீட்டினாள், கொடுத்தேன்.